பின்சுவடு: தூசிப் பிளாஸ்மாவில் 'வேக்' என்ற சொல்

"கட்டணம் செலுத்தப்பட்ட தூசி தானியங்களின் விழிப்புப் புலம்." போன வாரம் சரிபார்க்கச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. தானியத்தை (grain) துகளாக்கலாம், கட்டணத்தை (charge) மின்னூட்டமாக்கலாம் (இலங்கைப் பாடநூல்களில் மின்னேற்றம்), இரண்டு நிமிட வேலை. 'வேக்' (wake) என்பதற்குப் போட்டிருந்த அந்த 'விழிப்பு' மட்டும்தான் என்னை விடவில்லை, இதே கூத்தை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன்.

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் வேக் இரண்டு. ஒன்று கண்விழிப்பது. மற்றது கப்பல் போன பின் நீரில் தெரியும் தடம். பனிக்கட்டியில் உண்டான திறப்பைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். எழுத்து ஒன்று, வேர் வேறு. அவ்வளவுதான்.

தூசிப் பிளாஸ்மாவில் இதற்கு என்ன வேலை? பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு, அதில் நுண்தூசியும் மிதந்தால் தூசிப் பிளாஸ்மா. சில மைக்ரான் அளவுள்ள ஒரு துகளைப் பிளாஸ்மாவில் போட்டால், அயனிகளைவிட எலக்ட்ரான்கள் வேகமாக ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், துகள் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களின் எதிர் மின்னூட்டத்தோடு நிற்கும். அப்படி இரண்டு துகள்கள் ஒன்றையொன்று விலக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனைக் கலனின் அடியில் இருக்கும் மின்முனைக்கு மேலே அயனிகள் சும்மா நிற்பதில்லை, கீழ்நோக்கிப் பாய்கின்றன. துகளைக் கடந்து போகும் நேர் அயனிகளை அது உள்பக்கமாக வளைக்கிறது, அவை துகளுக்குச் சற்றுக் கீழே வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் வேக். கீழே நிற்கும் துகளை அது இழுக்கும். மேல் துகளுக்கோ கீழ் துகளின் குவியலால் ஒன்றும் ஆவதில்லை, அது இன்னும் கீழே கிடக்கிறது. 1990களின் கடைசியில் லேசரால் தள்ளிப் பார்த்தார்கள்: மேல் துகளைத் தள்ளினால் கீழ் துகள் பின்னாலேயே போகிறது, கீழ் துகளைத் தள்ளினால் மேல் துகள் கூட வருவதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி கெட்டுவிட்டதா என்றால், இல்லை, மிச்சக் கணக்கு பாயும் அயனிகளிடம் இருக்கிறது. 1994இல் கண்டறியப்பட்ட பிளாஸ்மா படிகங்களில் (தூசித் துகள்கள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கி நிற்பவை) துகள்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? விழிப்பை விட்டுவிடுவோம், அது வாதம் செய்யத் தகுதியில்லாதது. என் சண்டை 'அயனி நிழல்' என்பதோடு. நல்ல தமிழ், கேட்க இனிமை, நிழல் பின்தொடருமே என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். இனிமைதான், பொருள்தான் தலைகீழ். நிழல் என்றால் ஏதோ ஒன்று தடுக்கப்பட்டு அங்கே குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே குறையவில்லை ஐயா, கூடியிருக்கிறது! வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்தால் கீழே பளிச்சென்று விழும் புள்ளியை யாராவது நிழல் என்பார்களா? இதைவிடப் பெரிய தொல்லை, இதே துறையில் நிழல் விசை என்று உண்மையாகவே வேறொன்று இருக்கிறது. துகள் தன்மேல் மோதும் அயனிகளை விழுங்கிவிடுவதால் பக்கத்துத் துகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அடி குறையும், மறுபக்கத்து அடி அப்படியே இருக்கும், ஆகவே இரண்டும் நெருங்கும். அது அசல் நிழல். ஒரே மாதிரியான துகள்கள் என்றால் இருவருக்கும் சமமாக வேலை செய்வது. வேக்கையும் நிழல் என்று எழுதினால், பரஸ்பரமான விசையும் ஒருதலையான விசையும் ஒரே பெயரில் அடுத்தடுத்த பத்தியில் வந்து நிற்கும், படிக்கிற மாணவன் என்ன செய்வான்? தூய தமிழ்ச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் அது வேறொருவர் வீட்டுச் சொல்லா என்று பார்க்காமல் எடுத்து வந்துவிடுகிறோம்.

'பின்னலை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கப்பலுக்குப் பொருந்தும். அயனிகள் அயனி ஒலிவேகத்தை (பிளாஸ்மாவில் ஒலி போன்ற அலை செல்லும் வேகம்) தாண்டிப் பாயும்போது அலைத்தொடர் உருவாகும் என்ற கணக்கும் உண்டு, ஆகவே முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல நேரங்களில் முதல் குவியலோடு அலை அடங்கிவிடுகிறது. தவிர, "பின்னலை ஆராய்ந்தனர்" என்று வாசித்தால் எனக்கு ஜடைதான் நினைவுக்கு வருகிறது.

நான் எழுதுவது பின்சுவடு. பின்சுவட்டுப் புலம், பின்சுவட்டு விசை என்று வேற்றுமை ஏற்கும்போதும் இடறாது. கால் எடுத்த பிறகு கிடப்பதுதானே சுவடு, இங்கே துகள் நகரவே இல்லையே என்று கேட்கலாம். கேளுங்கள், நியாயம்தான். ஓடுவது அயனி, நிற்பது துகள். ஆற்று நடுவில் நிற்கும் பாறைக்குப் பின்னும் தடம் விழுகிறதே, அந்த அளவில் ஏற்றுக்கொள்கிறேன்.

அப்புறம், அதே மொழிபெயர்ப்பில் அயனி இழுவைக்குப் 'பின்னிழுவிசை' என்று போட்டிருந்தார்கள். அயனி போகும் திசையிலேயே துகளை உந்தும் விசை அது. 'பின்' எங்கிருந்து வந்தது?