டீசல் எஞ்சினின் புகைக்குழாய் வழியே நெருப்பு வெளியேறாமல் தடுப்பது எப்படி?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, அதனால் எரிவாயு கசியும் இடத்தில்கூட அதைப் பயமில்லாமல் ஓட்டலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரிச் சுரங்கம், கரைப்பான்கள் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு என்று எரியக்கூடிய ஆவியோ தூசியோ காற்றில் கலக்கக்கூடிய எந்த இடத்திலும் இந்த நம்பிக்கை உயிரை வாங்கிவிடும். பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் டீசல் மேல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று பற்றிக்கொள்ள பொறிதான் வேண்டும் என்பதில்லை, போதுமான சூடு இருந்தாலே போதும். டீசல் எஞ்சின் ஓடுவதே அப்படித்தானே? காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே எரிகிறது. எரிந்து முடிந்த வாயு வெளியே வரும்போதும் அந்தச் சூட்டில் கணிசமான பகுதியைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

முழுச் சுமையில் ஓடும் எஞ்சினிலிருந்து வரும் புகை 500 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், புகையின் விசையால் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் சூடான பக்கமும் இருட்டில் பார்த்தால் மங்கலாகச் சிவந்து தெரியும் அளவுக்குச் சூடேறும். இந்த 500 டிகிரியை, சில பொருட்கள் பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையோடு வைத்துப் பாருங்கள். மீத்தேனுக்கு, அளக்கும் முறையைப் பொறுத்து, 540 முதல் 600 டிகிரி வரை வேண்டும். டீசல் ஆவிக்கு 200 சொச்சம் போதும். எளிதில் ஆவியாகும் கரைப்பான்களில் ஈதருக்கு 160 முதல் 180, கார்பன் டைசல்ஃபைடுக்கு 100 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். ஆக, சிவந்துபோன மேனிஃபோல்டின் மேல் எண்ணெய்க் குழாய் ஒன்று கசிந்தால் நெருப்புக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

இதற்காகத்தான் வெடிக்கும் சூழலில் வேலை செய்யும் கருவிகளை அவற்றின் அதிகபட்ச மேற்பரப்பு வெப்பநிலையை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். டி1 என்றால் 450 டிகிரி, டி2 என்றால் 300, டி3 என்றால் 200, டி4 என்றால் 135, இப்படி இறங்கி டி6-க்கு 85. அந்த இடத்தில் எந்த வாயு கசியக்கூடும் என்பதைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு மட்டும் 150 டிகிரி என்ற கடுமையான எல்லை உண்டு. மீத்தேன்தான் 540-க்குக் கீழே பற்றாதே, பிறகு ஏன் 150? காரணம் நிலக்கரித் தூசி. சூடான உலோகத்தின் மேல் தூசி படிந்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற முடியாமல் சேர்ந்துகொண்டே போகும், தூசி மெல்ல ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானும் சூட்டை உண்டாக்கும், ஒரு கட்டத்தில் கனலாக மாறும். அந்தக் கனல் மீத்தேனைப் பற்றவைக்கும். இடையில் நிற்கும் தூசியை மறந்துவிட்டு வாயுவை மட்டும் கணக்கில் எடுத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

மேற்பரப்பைக் குளிர்விக்க நம்பகமான வழி, மேனிஃபோல்டுக்கும் புகைக்குழாய்க்கும் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட்டை ஓடவிடுவது. உள்ளே 500 டிகிரி வாயு போனாலும் வெளிச்சுவர் தண்ணீரின் வெப்பநிலையைத் தாண்டாது. அஸ்பெஸ்டாஸ் காலத்திலிருந்து இன்றுவரை வெப்பத்தடுப்புப் போர்வை சுற்றும் பழக்கமும் உண்டு, ஆனால் எண்ணெய் ஊறிய போர்வை தானே ஒரு திரியாகிவிடும் என்பதால் ஆபத்தான இடங்களில் அதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீர்ச்சுவருக்கும் விலை உண்டு. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது, அதில் ஒரு பகுதியை இப்போது கூலன்ட்டில் கொட்டுகிறோம் என்றால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். டர்போவுக்கு வந்து சேரும் வாயுவின் ஆற்றலும் குறையும்.

சரி, சுவர் குளிர்ந்துவிட்டது. குழாயின் முனையிலிருந்து வெளியே வரும் வாயு? அதைக் குளிர்விக்க இரண்டு பாதைகள். பழையதும் எளிமையானதும் நீர்த்தொட்டி: புகையைத் தண்ணீருக்குள் செலுத்திக் குமிழிகளாக வெளியேற்றுவது. தண்ணீர் ஒரு கிலோ ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது, அந்தப் பசிதான் இங்கே வேலை செய்கிறது. 500 டிகிரியில் நுழையும் வாயு தொட்டியைத் தாண்டும்போது 70 டிகிரியை ஒட்டி வந்துவிடும். தண்ணீர் கொதிக்கவேகூட வேண்டியதில்லை, வெளியேறும் வாயுவில் நீராவி ஒரு பங்குதான் என்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே உள்ளே வரும் வெப்பமும் ஆவியாகிப் போகும் வெப்பமும் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. அமெரிக்கச் சுரங்க விதிகள் நீர்த்தொட்டி அமைப்பிலிருந்து வெளிவரும் புகைக்கு 77 டிகிரி எல்லை வைத்திருப்பதும் இந்தச் சமநிலையோடு பொருந்துகிறது.

ஆனால் தொட்டி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 100 கிலோவாட் எஞ்சின் ஒன்று முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோ புகையை வெளியேற்றும், அதைக் குளிர்விக்கத் தேவையான வெப்பத்தைக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 100 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. நிரப்ப மறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொட்டி காலியானதும் அது வெறும் தகரப் பெட்டி, 500 டிகிரி வாயு எந்தத் தடையும் இல்லாமல் நேராக வெளியே வரும். அதனால்தான் நீர்மட்டம் குறைந்த கணமே எஞ்சினை நிறுத்தும் மிதவை கட்டாயம். வண்டி சரிவில் ஏறும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் வாயு தண்ணீருக்குள் மூழ்கித்தான் வர வேண்டும் என்பதையும் வடிவமைப்பில் கவனிக்க வேண்டும். இன்னொரு பாதை உலர் முறை. புகை ஒரு வெப்ப மாற்றியின் குழாய்களுக்குள் போகும், வெளியே கூலன்ட் ஓடும், இரண்டும் கலக்காது. அமெரிக்கச் சுரங்க விதிகள் இதற்கு 150 டிகிரி வரை அனுமதிக்கின்றன. அடிக்கடி தண்ணீர் நிரப்பும் தொல்லை இல்லை, ஆனால் குழாய்களுக்குள் கரி படியப் படியக் குளிர்விக்கும் திறன் குறையும்.

இப்போது தீப்பொறிக்கு வருவோம். குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் உள்ளே கரி ஏடு ஏடாகப் படியும். திடீரென்று சுமை ஏற்றினால் அந்த ஏடுகள் பெயர்ந்து, எரிந்துகொண்டே பறக்கும். ஸ்பார்க் அரெஸ்டர் என்ற கருவி இதற்குத்தான்: உள்ளே வளைந்த தகடுகள் வாயுவைச் சுழற்றும், கனமான துகள்கள் சுவரில் மோதி ஒதுங்கி ஒரு சிறு பெட்டியில் விழும். காட்டுத்தீயைத் தடுக்க அமெரிக்க வனத்துறை வகுத்த தரம், 0.58 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கரித்துகள்களில் குறைந்தது 80 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறது. காய்ந்த புல்லுக்கு இது நல்ல பாதுகாப்பு. எரிவாயு சூழ்ந்த இடத்தில் மீதி 20 சதவீதமே அதிகம், அதோடு இந்தக் கருவி சுடரைத் தடுக்கவே தடுக்காது. சுழலும் தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும், சுடர் அந்த வழியே தாராளமாகப் போய்விடும். ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டியிருக்கிறோம், அதனால் வண்டி பாதுகாப்பானது என்று சொல்லப்படும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது, ஏனென்றால் சொல்பவர் தன் பாதுகாப்பை உண்மையாகவே நம்பித்தான் அந்த இடத்துக்குள் வண்டியை ஓட்டுகிறார்.

புகைக்குழாயில் சுடர் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடுகிறது. முழுச் சுமையிலும் புகையில் 8 முதல் 10 சதவீதம் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும், சும்மா ஓடும்போது 17, 18 சதவீதம்வரைகூட இருக்கும். சுற்றியுள்ள காற்றில் எரிவாயு கலந்திருந்தால் எஞ்சின் அதையும் சேர்த்தே இழுக்கிறது. அதில் எரியாத பகுதி ஆக்ஸிஜனோடு சேர்ந்து புகைக்குழாய்க்குள் வந்து நிற்கும்போது, ஒரு வால்வு சரியாக மூடாமல் போனாலோ, உள்ளே எரிவது தாமதித்துப் புகை வால்வு திறந்த பின்னும் தொடர்ந்தாலோ, சுடர் அந்தக் கலவையில் தாவி வெளிக்காற்றுவரை ஓடிவிடும். காற்று நுழையும் பக்கத்திலும் இதே கதை நடக்கலாம்.

இதைத் தடுக்கும் வழி 200 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வெடிப்பு 92 பேரைக் கொன்றது. அந்தப் பேரழிவுக்குப் பின் எழுந்த முயற்சிகளில் ஒன்றாக வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815-இல் கம்பி வலை சூழ்ந்த விளக்கை உருவாக்கினார். சுடர் குறுகிய இடைவெளிக்குள் நுழையும்போது அதன் வெப்பத்தைச் சுற்றியுள்ள உலோகம் உறிஞ்சிவிடுகிறது, எரிதல் தன்னைத் தானே தொடர்ந்துகொள்ளும் வெப்பநிலைக்குக் கீழே வாயு இறங்கி அணைந்துபோகிறது. ஒவ்வொரு வாயுவுக்கும் சுடர் தாண்ட முடியாத இடைவெளியின் அளவு உண்டு: மீத்தேனுக்கு 1.14 மில்லிமீட்டர், புரொபேனுக்கு 0.92, எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. எஞ்சினின் சுடர் தடுப்பானில் எஃகுத் தகடுகளை இதைவிடக் குறைந்த இடைவெளியில் அடுக்கி, வாயுவை அவற்றின் நீளம் முழுக்க ஓடவிடுகிறார்கள்.

டேவியின் விளக்குக்கு இருந்த பலவீனம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. விளக்கின் வலை சிவக்கச் சூடானால் சுடரை அணைக்கும் சக்தியை இழந்துவிடும், அப்போது சுடர் வலையைத் தாண்டிப் போய்விடும். சுடர் தடுப்பானை 500 டிகிரி வாயுவின் நடுவில் வைத்தால் அதன் தகடுகளும் அதே கதிக்கு ஆளாகும், வெப்பத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாத உலோகம் எதை அணைக்கும்? அதனால் வாயு முதலில் குளிர வேண்டும், பிறகுதான் தடுப்பான். இந்த வரிசையை மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகச் சான்றிதழ் பெற்றிருந்தாலும் மொத்த அமைப்பு காப்பாற்றாது. இன்னொரு தொல்லை கரி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் டீசல் கரி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், எஞ்சின் மூச்சுத் திணறும், அப்போது தடுப்பானைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், சுத்தமான மாற்றுத் தடுப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அடைத்ததைக் கழுவி வைப்பதுதான் ஒழுங்கான வழக்கம்.

புகைக்குழாயை எவ்வளவு பாதுகாத்தாலும் காற்று நுழையும் வாயை மறந்தால் எல்லாம் வீண். டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு, காற்றின் அளவு அல்ல. எரியும் ஆவி காற்றோடு உள்ளே வந்தால் அது கணக்கில் வராத எரிபொருளாகி, எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிப்பில், ஆவி மேகத்தைப் பற்றவைத்தது அருகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த டீசல் பிக்கப் வண்டியாக இருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. ஆவி சூழ்ந்ததும் அந்த எஞ்சின் வெறிபிடித்ததுபோல் வேகமெடுத்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இதற்கு நம்பகமான மருந்து, வேகம் எல்லை மீறியதும் காற்றுக்குழாயையே இறுக மூடும் வால்வு. காற்று இல்லாமல் எதுவும் எரியாது.

இந்த நிறுத்த ஏற்பாடுகளை மின்சாரம் இல்லாமல் அமைப்பதும் வழக்கம். அழுத்தக் காற்றோ எண்ணெய் அழுத்தமோ இருக்கும்வரை எஞ்சின் ஓடும், எங்காவது வெப்பம் ஏறி உருகும் அடைப்பு ஒன்று திறந்து அழுத்தம் வடிந்தால் எஞ்சின் தானே நிற்கும். கிளப்புவதற்கும் பேட்டரிக்குப் பதில் அழுத்தக் காற்று அல்லது சுருள்வில். நிறுத்தும் எல்லையை முடிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஞ்சின் நின்றதும் கூலன்ட் பம்பும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடு வெளிச்சுவருக்கு வந்து சில நிமிடங்களுக்கு வெப்பநிலை ஏறத்தான் செய்யும். அதனால் அபாய எல்லையைத் தொட்ட பிறகு நிறுத்துவது தாமதம், அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

அப்புறம், மூச்சுக்குள் போகும் புகை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் உறுதியாக அறிவித்தது. நீர்த்தொட்டி கரியில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கும், கார்பன் மோனாக்ஸைடை அப்படியே விட்டுவிடும். சாலை வண்டிகளில் இருக்கும் பீங்கான் கரிவடிகட்டியை இங்கே அப்படியே மாட்டவும் முடியாது, ஏனென்றால் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு 550 டிகிரி அளவில் சூடு தேவை, நாம் இவ்வளவு நேரமும் விரட்டியது அந்தச் சூட்டைத்தான். எனவே பல சுரங்க வண்டிகளில் வாயுவை முதலில் குளிர்வித்து, பிறகு கழற்றி மாற்றக்கூடிய வடிகட்டி வழியே அனுப்புகிறார்கள். அந்த வடிகட்டி எரியக்கூடிய பொருளால் ஆனது என்றால், அதற்கு முன்னால் வாயுவின் சூட்டை அளக்கும் வெப்ப உணரி பழுதாகும் நாளில் அதுவே பற்றிக்கொள்ளும். அதனால் உணரியைச் சோதிக்கும் வேலையையும் ஷிஃப்ட் தொடங்கும் முன் பார்க்கும் நீர்மட்டச் சோதனையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.