திரையில் ‘மட்டக்களப்பு’, காதில் ‘கேஎல் எல்எப்’

திரும்பவும் ஒரு விண்ணப்பப் படிவம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் பண்ணி, பீடிஎப் ஆக்கி ஏற்றியாயிற்று. அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்திட்டப் படிவம்! ஸ்கேன் செய்தது வெறும் படம். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும், விழிப்புலனற்ற ஒருவரின் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெற்றுப் பக்கம்.

“அப்ப ஸ்கேன் பண்ணாமல் நேரே பீடிஎப் ஆக்கினால் சரிதானே?” இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சரியில்லை. பாமினியில் அடித்தது தமிழே இல்லை. கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது எழுத்துரு. ‘ம’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ‘கே’. ‘ட’ என்பது ‘எல்’. மேலே நாம் வைக்கும் புள்ளி, உள்ளே அரைப்புள்ளி. ஆகவே ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ‘கேஎல், எல்எப், எப்எஸ்ஜி, ஜி’ என்ற மாதிரித்தான் வாசிக்கும். மென்பொருளில் பிழையில்லை, உள்ளதை உள்ளபடி வாசிக்கிறது. பாமினியில் அடித்த சுற்றுநிருபம் கூகுளில் தேடினாலும் அகப்படாததற்குக் காரணமும் இதுவே.

எழுத்துருவை மட்டும் லதா என்ற யுனிகோட் எழுத்துருவாக மாற்றினால் தீராது. மாற்றிப் பாருங்கள், உள்ளே இருந்த ஆங்கிலம் பல்லிளிக்கும். சோதிக்க எளிய வழி: ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் யுனிகோட், உள்ளேயும் தமிழ்தான்.

பழைய கோப்புகளை, பாமினியை யுனிகோடாக்கும் ‘மாற்றி’ மென்பொருளால் மாற்றலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பாமினியில் சாய்கோட்டின் இடத்தில் ஆய்தமும் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’யும் இருக்கின்றன. மாற்றிக்கு எது ஆங்கில எழுத்துருவில் அடித்தது என்று தெரியாது. அதனால்தான் பாடசாலைப் பெயரின் முன்னே வரும் ‘மட்/’ (மட்டக்களப்பு) ஊரெங்கும் ‘மட்ஃ’ ஆகித் திரிகிறது. திகதிகளுக்கும் அதே கதி. ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். கையில் ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறதென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக வரும். தொகையையும் திகதியையும் மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிடாதீர்கள்.

வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெருப்பிப்பது தலைப்பு ஆகாது. கன்ட்ரோல், ஓல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு. அப்படிச் செய்திருந்தால்தான் திரைவாசிப்பானில் கேட்பவர் ‘எச்’ விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம்; இல்லாவிட்டால் இருபது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். முடிந்ததும் ‘சேவ் அஸ்’ வழியாகப் பீடிஎப் ஆக்குங்கள். ‘பிரிண்ட் டு பீடிஎப்’ வேண்டவே வேண்டாம், அது இந்தக் கட்டமைப்பையெல்லாம் உதிர்த்துவிடும்.

அம்பாறையில் இன்னொரு சிக்கல்: ஒரே கடிதத்தில் சிங்களமும் தமிழும். ஒவ்வொரு பந்திக்கும் அதனதன் மொழியைக் குறியுங்கள் (ரிவியூ, லாங்குவேஜ்). சிங்களப் பகுதி எப்எம் அபய என்ற பழைய சிங்கள எழுத்துருவில் இருந்தால் அதற்கும் பாமினியின் வியாதியே.

இணையத்தளம் கட்டுபவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் பேசாமலே தாண்டக்கூடும். படிவப் பெட்டிக்குள் மங்கலாக எழுதும் குறிப்பு அந்தப் பெட்டியின் பெயர் (லேபிள்) ஆகாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு (கொன்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், வெள்ளையில் மஞ்சள் எழுத்து அழகுதான், பார்வை குறைந்தவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. அதையெல்லாம் விடுங்கள். வட்ஸ்அப் குழுவில் அறிவித்தலைப் படமாகப் போடும்போது, தயவுசெய்து கீழே நான்கு வரி எழுத்திலும் போடுங்கள்: என்ன உதவி, யாருக்கு, முடிவுத் திகதி, எங்கே ஒப்படைப்பது.

வெளியிடுமுன் உங்கள் அன்ட்ரொயிட் போனிலேயே உள்ள டோக்பேக் திரைவாசிப்பானைப் போட்டு, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். நிறுத்தும் வழியை முதலே தெரிந்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் போனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.