உருவம் வேறு, உறவு வேறு: அந்துப்பூச்சிகளை இனம் பிரிப்பது எப்படி?

நெல் வயலோரம் விளக்குப் பொறி வைத்தால் வந்து விழுபவற்றில் தண்டுத் துளைப்பானின் பெண் அந்தும் ஒன்று. மஞ்சள் நிறம், முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி, இறக்கையை விரித்தால் மூன்று சென்டிமீட்டர் போல இருக்கும். அஸ்ஸாம் முதல் இந்தோனேசியா வரை பறக்கும் அட்லஸ் அந்துக்கு அதே அளவு 25 சென்டிமீட்டர் வரை போகும். இவற்றோடு ஒரு வண்ணத்துப்பூச்சியையும் வைத்து, இம்மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய சொந்தம் என்று கேட்டால் பலரும் பெரிய, அழகான இரண்டையே காட்டுவார்கள். மரபணு ஒப்பீடு காட்டுவது வேறு. தண்டுத் துளைப்பானும் அட்லஸும்தான் கிட்டத்து உறவு. வண்ணத்துப்பூச்சிகளின் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது.

ஆனாலும் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் வண்ணத்துப்பூச்சிகளையும் பெரிய அந்துகளையும் 'மேக்ரோலெபிடோப்டெரா' என்று ஒரு பெட்டியிலும், தண்டுத் துளைப்பான் போன்றவற்றை 'மைக்ரோ' என்று இன்னொரு பெட்டியிலும் வைத்தார்கள். பெரியதை ஊசியில் குத்தி இறக்கை விரிப்பது எளிது, சிறியதைக் கையாள்வது கடினம். பிரிவினைக்கு அடிப்படை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கும் முன்னால், 1758இல், சுவீடன் இயற்கையாளர் லின்னேயஸ் எல்லாவற்றையும் மூன்றே பேரினங்களில் அடக்கியிருந்தார்: பாப்பிலியோ, ஸ்ஃபிங்ஸ், ஃபலேனா. இன்று பெயரிடப்பட்ட இனங்கள் ஏறக்குறைய 1,60,000. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000.

நம் பகுதி அந்துகளுக்கு ஒழுங்கான பட்டியல் தந்தவர் ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர். நீலகிரி அந்துகளை 1891இலும் இலங்கையின் பெரிய அந்துகளை 1893இலும் நூலாக்கினார். அவர் பெரிதும் நம்பியது இறக்கை நரம்புகளை. நிறம் மங்கும், செதில் உதிரும், நரம்பின் அமைப்பு மாறாது. அந்த முறை இன்றும் பயன் தருகிறது.

பொறியில் விழுந்த ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான அந்துகளுக்கு அங்கே ஒரு முள் இருக்கும். அது முன்னிறக்கையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அடிக்க உதவும். ஆணுக்கு ஒரே தடித்த முள், பெண்ணுக்கு இரண்டு மூன்று மெல்லிய முட்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்கு இது கிடையாது. (ஆஸ்திரேலியாவின் யூஸ்கெமான் என்ற தாவி வகை வண்ணத்துப்பூச்சியின் ஆண் மட்டும் விலக்கு.) உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி என்பது பாதி உண்மைதான், பகலில் பறக்கும் சில அந்துகளுக்கும் நுனி தடித்திருக்கும்.

அடுத்தது காது. வௌவாலின் ஒலியைக் கேட்க அந்துகள் காதுகளை ஒருமுறை அல்ல, பலமுறை தனித்தனியாக உருவாக்கிக்கொண்டன. அதனால்தான் காது இருக்கும் இடமே குடும்ப அடையாளமாகிறது. மார்பின் பின்கோடியில் இருந்தால் நாக்டுயாய்டியா என்ற பெருங்குடும்பம். காய்ப்புழு, படைப்புழு எல்லாம் இந்த வகை. வயிறு தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் குழிவாக இருந்தால் ஜியோமெட்ரிடே குடும்பம். வயிற்றின் கீழ்ப்புறம் இருந்து, உறிஞ்சுகுழலின் அடியிலும் செதில் படர்ந்திருந்தால் பைரலாய்டியா பெருங்குடும்பம். தண்டுத் துளைப்பானும் இலைச்சுருட்டுப் புழுவும் இங்கேதான் வரும். அட்லஸின் குடும்பத்துக்குக் காதே இல்லை.

நரம்பைப் பிறகு பாருங்கள், முன்பே பார்த்தால் குழப்பம்தான். தூரிகையில் எத்தனால் தொட்டு இறக்கையின் அடிப்புறம் தடவினால் சில நொடிகள் நரம்புகள் தெளிவாகத் தெரியும். முன்னிறக்கையில் நரம்புகள் சூழ்ந்த நடு அறையின் வெளிமுனையிலிருந்து கிளம்பும் மூன்று நரம்புகளில் நடுவில் உள்ளது மூன்றாவதை ஒட்டிக் கிளம்புவது நாக்டுயாய்டியாவில் பெரும்பான்மை வழக்கம். பைரலாய்டியாவிலும் அப்படியே இருக்கும். அதனால்தான் காதை முதலில் பார்க்கச் சொல்வது.

புழுவை வைத்தும் சொல்லலாம், கவனமாக. வழக்கமான புழுவுக்கு வயிற்றில் ஐந்து சோடிப் போலிக்கால்கள். ஜியோமெட்ரிடே புழுவுக்குப் பெரும்பாலும் இரண்டே சோடி, அதுவும் பின்பக்கம். எனவே உடலை வளைத்து வளைத்து, சாண் போட்டு அளப்பது போல நகரும். ஆனால் அப்படி நகர்வதெல்லாம் ஜியோமெட்ரிடே அல்ல. ஆமணக்கு இலையைத் தின்று தீர்க்கும் அக்கேயா ஜனேட்டாவும் வளைந்தே நடக்கும், அது எரிபிடே குடும்பம்.

எரிபிடே என்ற பெயர் பழைய பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளைப் படிப்பவர்களைத் தடுமாற வைக்கும். நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு அவற்றில் ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பத்தில் இருக்கும். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அந்தக் குடும்பம் எரிபிடேக்குள் ஆர்க்டினே என்ற துணைக்குடும்பமாகிவிட்டது. ஈற்றைக் கவனித்தால் போதும்: 'இடே' குடும்பம், 'இனே' துணைக்குடும்பம், 'ஆய்டியா' பெருங்குடும்பம்.

நேர்மாறான கதை அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹெடிலிடே. மெலிந்த உடல், நுனி தடிக்காத உணர்கொம்பு, பெரும்பாலும் இரவில் பறப்பது என எல்லாம் அந்துவின் சாயல், ஜியோமெட்ரிடேயில்தான் வைத்திருந்தார்கள். 1986இல் மால்கம் ஸ்கோபிள் அவை வண்ணத்துப்பூச்சிகளே என்று வாதிட்டார், மரபணுவும் அதையே சொன்னது. பெரிய உருவத்தால் 'மேக்ரோ'வில் சேர்ந்த காபிச் சிவப்புத் துளைப்பான் அந்தின் குடும்பமான காஸிடேயோ அந்த உறவிலிருந்து வெகுதூரம் விலகிப்போனது.

குடும்பம் வரை இப்படி வரலாம். இனத்தைத் தீர்மானிக்கப் பல அந்துகளில் பிறப்புறுப்பைப் பார்த்தே ஆக வேண்டும். வயிற்றுப் பகுதியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு ஊறவைத்து, தசையும் கொழுப்பும் கரைந்தபின் தூரிகையால் செதில்களை நீக்கிச் சாயம் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு அதிகம் சூடாக்கினால் மெல்லிய சவ்வுகள் கரைந்து, பார்க்க வேண்டிய பாகமே போய்விடும். அதைவிட மோசம், எந்த வயிறு எந்த அந்துவுடையது என்று எண் எழுத மறப்பது. மரபணுப் பட்டைக்குறியீடு அந்தின் ஒரு காலை மட்டும் எடுத்து டி.என்.ஏ.வின் 658 எழுத்துகளை ஒப்பிடுகிறது. விரைவானதுதான். ஆனால் அது தாய்வழி மரபணு. பூச்சிகளின் உடலுக்குள் வாழ்ந்து, தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வொல்பாக்கியா பாக்டீரியா பரவிய கூட்டங்களில் இரண்டு இனங்கள் ஒரே குறியீட்டைக் காட்டக்கூடும். அப்போது பிறப்புறுப்பும் நரம்பும் சொல்வதோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயரை எழுத வேண்டும்.