படுக்கையில் முடியாத காவல்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் ஒரு மாமா இருக்கிறார். 21 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கிரிக் காட்டுக்குள் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை போட்டபோது, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் பயந்து ராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. அந்தக் காட்டில் ராத்திரி சென்ட்ரி நின்றவர்களில் அவரும் ஒருவர். 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சண்டை முடிந்தது. மாமாவின் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கேட்டை இழுத்துப் பார்ப்பார். அப்புறம் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஒன்பது மணிக்கே படுத்துடுறேன் தம்பி. அப்பதான் அஞ்சு மணி நேரமாவது தேறும்” என்றார் ஒட்டுக்கடையில். கையில் அன்றைய மூன்றாவது கோப்பி ஓ.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்க மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிரானது: அவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். தூக்கமின்மையைத் தொடங்கி வைப்பது ஒன்று, அதைத் தொடர வைப்பது வேறொன்று. தொடங்கி வைத்தது காடாக இருக்கலாம், போர்முனையாக இருக்கலாம். அது போய்ப் பல வருடமானாலும் நோய் போகாமல் இருப்பதற்குக் காரணம், தூக்கம் வராதவர் அதைப் பிடிக்கச் செய்யும் வேலைகள்தான். சீக்கிரம் படுப்பது, மத்தியானம் ஈடுகட்டுவது, விழித்தபடியே படுத்திருப்பது.

மத்தியானத் தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கப் பசி ஏறும். மூன்று மணிக்கு ஒரு தூக்கம் போட்டால் பசியில் பாதி போய்விடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு ரொட்டி சானாயைத் தின்றுவிட்டு, ராத்திரிச் சோறு ஏன் இறங்கவில்லை என்று கேட்பது போலத்தான். கோப்பியில் உள்ள காஃபீன் அடினோசின் போய் அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும்.

ஆனால் மாமாவின் விஷயத்தில் பெரிய முடிச்சு கட்டில். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் சொன்னது இதைத்தான்: படுக்கையில் விழித்துக் கிடந்து பழகினால், படுக்கையே விழிப்புக்கு அடையாளமாகிவிடும். கூடத்தில் டிவி முன்னால் சொக்கி விழுகிறவர், அறைக்குப் போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வார். படைவீரருக்கு இது இரட்டிப்பு. ராத்திரி கண் அசந்தால் ஆபத்து என்று வருடக்கணக்கில் பழக்கப்பட்ட உடம்பு அது. நம் வீட்டுக் கட்டில் அவருக்குக் காவல் மேடை.

அதனால் பூட்ஸின் வைத்த விதிகள் எளிமையானவை, கொஞ்சம் கொடுமையானவையும்கூட. தூக்கம் கண்ணைக் கட்டினால் மட்டும் படு. கால் மணி நேரமாகியும் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போய் அமைதியாக உட்கார். தூக்கம் வந்தால் திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுவது ஒரே நேரம். மாமா போன்றவர்களுக்கு நான் ஒன்று சேர்ப்பேன்: எழுந்து போவது நாற்காலிக்கு, கேட்டுக்கு இல்லை. படுக்கும் முன் பூட்டை ஒரு தடவை பார்த்தாயிற்று என்றால் அதோடு சரி. மறுபடி மறுபடி பார்க்கும்போது, ஆபத்து இருக்கிறது என்று மூளைக்கு நாமே ஞாபகப்படுத்துகிறோம்.

அடுத்தது ஸ்பீல்மனின் கணக்கு. ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம். அதில் தூங்கியது ஐந்தரை மணி நேரம் என்றால் 61 சதவீதம்தான் தேறுகிறது. எனவே இனி படுக்கைக்கு அனுமதி ஐந்தரை மணி நேரம்: பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும். முதல் வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும். ஆனால் சேர்ந்துபோன தூக்கப் பசி, துண்டு துண்டாகக் கிடந்த தூக்கத்தை ஒன்றாக இழுத்துக் கட்டும். தூங்கும் பங்கு 85 சதவீதத்தைத் தாண்டினால் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறக்கக்கூடாது.

இதையெல்லாம், தூக்கம் பற்றிய பயங்களை உடைக்கும் பேச்சோடு சேர்த்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை, தன் சிகிச்சையாளர்களுக்கு நாடு முழுக்க இதில் பயிற்சி கொடுத்தது. வெதுவெதுப்பான பால், இருட்டறை போன்ற அறிவுரைகள் மட்டும் இந்த நோயை அசைப்பதில்லை.

கெட்ட கனவு துரத்துகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பகலில் உட்கார்ந்து அந்தக் கனவின் போக்கைத் தனக்குப் பிடித்தபடி மாற்றி எழுதி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். தூக்க மருத்துவர் பேரி கிராகோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இதனால் கனவுத் தொல்லை குறைந்தது. படைவீரர்களிடம் பலன் அவ்வளவு சீராக இல்லை.

படுக்கை நேரத்தைக் குறைக்கும் வேலையை மட்டும் தானாக ஆரம்பிக்க வேண்டாம். லாரி ஓட்டுகிறவர், வலிப்பு உள்ளவர், இருமுனை மனநோய் உள்ளவர் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் அப்படியே; படைவீரர்களில் அவர்கள் நிறையப் பேர்.

மாமாவிடம் இத்தனையும் சொன்னேன். “பன்னிரண்டரை வரைக்கும் முழிச்சிருக்கணுமா? இதுக்கு எதுக்கு தம்பி டாக்டர், எங்க சார்ஜனே போதுமே” என்று சிரித்தார். ஆனாலும் கிளினிக்கில் காட்டுவதற்காகத் தூக்கக் குறிப்பு எழுதச் சம்மதித்தார். படுத்தது, எழுந்தது, நடுவில் விழித்தது எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொடுத்தார். சென்ட்ரி புத்தகம் மாதிரியே இருந்தது. முதல் வரி: “02:10. கேட் பூட்டியிருக்கிறது. எல்லாம் சரி.”