ஆறாவது மலையில் திரும்புவது ஏன் கடினம்?

கோவை பக்கம் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களைக் கேட்டால், "சாமி கூப்பிட்டாருங்க, வந்தோம்" என்பார்கள். அந்தப் பதிலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு மலையும் ஏறி இறங்கி, "இனி இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொன்னவரே அடுத்த மாசியில் மறுபடியும் தடி வாங்குகிறாரே, அது எப்படி? இமயத்தில் உயிரைப் பணயம் வைக்கிறவர்களிடமும் இதே புதிர்தான்.

விடையில் ஒரு பங்கு நினைவில் இருக்கிறது. 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்நீரில் கையை 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்த நேரத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். பட்ட வலியை மூளை கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சக்கட்டத்தையும் முடிந்த விதத்தையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஏழாவது மலையில் விடிகாலைக் காற்று முகத்தில் அடித்தது நினைவிருக்கும். முதல் மலையின் படிகள் மறந்துபோகும்.

இன்னொரு பங்கு, உச்சி கண்ணில் பட்டதும் தொற்றும் வெறி. 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட்டில், பிற்பகல் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கமான கெடு. 1996 மே 10 அன்று பலர் அதைத் தாண்டியும் ஏறினார்கள். புயல் வந்தது, 8 பேர் இறந்தார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். திரும்பலாமா என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே ஆக்சிஜன் இல்லாமல் மங்கிக் கிடக்கும்.

வெள்ளியங்கிரி உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே அழுத்தம் 80 சதவீதம் இருப்பதால், காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உயிரை எடுப்பது பழக்கமில்லாத உழைப்பு. 70 கிலோ மனிதர் 1,000 மீட்டர் ஏற 650 முதல் 800 கிலோ கலோரி செலவாகும். அதில் நான்கில் ஒரு பங்குகூட ஏற்றத்துக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தொடைக்கும் அனுப்ப வேண்டும். வியர்த்து நீர் குறையக் குறைய ரத்த அளவும் குறையும், துடிப்பு இன்னும் கூடும்.

1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்கு இது: கடும் உழைப்புக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அப்படி உழைக்காத நேரத்தோடு ஒப்பிட்டால், வாரம் ஒரு நாள்கூட உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு 107 மடங்கு, வாரம் 5 நாளாவது செய்கிறவர்களுக்கு 2.4 மடங்கு. மலை ஒன்றுதான், ஏறுகிற உடம்புதான் வேறு. இரண்டு மாதம் முன்பே தினமும் மாடிப்படி ஏறத் தொடங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை வந்தால் "கேஸா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு நடக்கக் கூடாது. அங்கேயே உட்காருங்கள், ஆள் அனுப்புங்கள். மேலே வண்டி வராது. டோலி கட்டித் தூக்கிவர மணிக்கணக்காகும். எதிரே இறங்குகிறவர்கள் அன்பாகத்தான் "இன்னுங் கொஞ்சந்தானுங்க" என்பார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே, தெளிந்த மூளையோடு, கூட வருகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

மேலே போனதும் முதல் வேலை, நனைந்த சட்டையை மாற்றுவது. காற்று ஈரத்துணி வழியாக உடல் சூட்டை உறிஞ்சிவிடும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதில் தசை களைத்து, நுண்ணிழைகளும் சேதமாவதால் கால் வெடவெடக்கிறது. தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதில் கொடுத்துவிட்டு, அப்புறம் காலை வையுங்கள்.