வயல் உளைவா, குளிசை உளைவா?

காலபோக அறுவடை முடிந்த கையோடு, மாங்குளத்துக்கு அப்பாலிருந்து கமக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். இரண்டு தொடைகளிலும் உளைவு. குந்தினால் எழும்ப முடியவில்லை. "மூட்டை சுமந்த உளைவுதான் டொக்டர்" என்றார். நானும் அதை நம்பியே அனுப்பியிருப்பேன். சிறுநீரின் நிறத்தைக் கேட்டபோது, "இரண்டு நாளாக வெறும் தேநீர் மாதிரிப் போகிறது" என்றார்.

கொழுப்புக்காகப் பல வருடங்களாக அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் குளிசை எடுப்பவர் அவர். முந்தைய வாரம் இருமலுக்கு வேறோர் இடத்தில் கிளரித்ரோமைசின் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியை அவர் காட்டவில்லை. அங்கே எவரும் கேட்கவுமில்லை. அந்த நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்டாட்டினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தடுத்துவிடும். மருந்து குருதியில் தேங்கும், தசை சிதையும். அப்போது கசியும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம்தான் சிறுநீரைக் கருக்கச் செய்கிறது, சிறுநீரகத்தையும் பாதிக்கிறது.

அன்று கைகொடுத்தது மலிவான ஒரு சோதனை. சிறுநீரில் தோய்த்த பட்டி 'குருதி உண்டு' என்றது. நுணுக்குக்காட்டியில் செங்குழியம் ஒன்றுகூட இல்லை. பட்டியால் ஹீமோகுளோபினையும் மயோகுளோபினையும் பிரித்தறிய முடியாது. ஆகவே இந்த முரண்பாட்டைக் கண்டால் தசையைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய ஆய்வுகூடம் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம் என்பதால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உடனே அனுமதித்து நிறையச் சேலைன் ஏற்றினோம். சிறுநீரகம் தப்பியது.

தசைச் சிதைவுக்கு நாம் வழக்கமாகக் குருதியில் பார்ப்பது கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி. காயப்பட்டு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அது உச்சத்தைத் தொடும். ஆனால் மண்வெட்டி பிடித்தவருக்கும் உயரும், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவருக்கும் உயரும், தசையில் ஊசி போட்டவருக்கும் உயரும். வன்னியில் எவருடைய தசைதான் ஓய்ந்திருக்கிறது? சற்றே கூடிய ஓர் எண்ணை வைத்து, குற்றவாளி குளிசையா வயலா என்று என்னால் சொல்ல முடிவதில்லை. ஈரல் சோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் தசையிலும் இருப்பதால், ஈரல் பழுதென்று பயந்து வருபவர்களும் உண்டு.

செரிவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் தசைச் சிதைவு மரணங்களால் 2001இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. இத்தகைய ஆபத்தை மருந்துச் சோதனையின் தொடக்கத்திலேயே பிடிக்கத்தான் புதிய உயிர்க்குறிகாட்டிகளை, அதாவது தசைப் பழுதைக் குருதியில் காட்டும் பொருட்களை, தேடுகிறார்கள். எலும்புத்தசை ட்ரோபோனின் ஐ, மயோசின் இலேசான சங்கிலி 3, கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம் 3 ஆகியவற்றைக் கிரியேட்டின் கைனேசுடன் சேர்த்து அளந்தபோது, எலிகளில் சிறு சிதைவும் தெளிவாகத் தெரிந்தது. 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவற்றின் ஆய்வுக்கு ஆதரவுக் கடிதம் அளித்தது. பின்னிரண்டும் இதயத்திலும் இருப்பதால் தனித்து நம்ப முடியாது. ட்ரோபோனின் ஐ-க்கு விரைவுத் தசைநாருக்கு ஒன்றும் மெதுவான தசைநாருக்கு ஒன்றுமாக இரு வடிவங்கள் இருப்பதுதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. எந்த வகைத் தசைநார் அடிபட்டது என்பதையே அது காட்டக்கூடும்.

இதைப் படித்துவிட்டுக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினால் வந்ததாக எண்ணிய தொல்லையில் ஏறத்தாழ 90 வீதம் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையிலும் வந்தது. மாரடைப்பைத் தடுக்கும் மருந்து அது. எந்த மருந்தகத்துக்குப் போனாலும் கொப்பியைக் காட்டுங்கள். புதுமருந்து தொடங்கிய பின் இரு தொடையோ இரு தோளோ உளைந்தால், எப்போது தொடங்கியது, அன்று என்ன வேலை செய்தீர்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்தால் மட்டும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.