ஓர்கா பழிவாங்கவில்லை, பட்டாசை இறக்கி வையுங்கள்

ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே இருக்கும் ஜிப்ரால்டர் நீரிணைக்குக் கிளம்பும் இன்னொரு பாய்மரப் படகிலும் பட்டாசுக் கட்டு. "ஓர்கா வந்தா கொளுத்திப் போடத்தான். அதுங்கதான் பழிவாங்க வருதாமே" என்கிறார் உரிமையாளர். படகுகளின் அடிப்பாகத்தைச் சோதித்துச் சேதத்தைக் கணக்கெடுப்பது என் தொழில். ஓர்கா, அதாவது 'கொலைகாரத் திமிங்கிலம்' எனப்படும் பெரிய டால்பின், படகால் பட்ட காயத்துக்குப் பழிவாங்கத்தான் படகுகளில் மோதுகிறது என்ற இந்தப் பழிக்கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பழிவாங்க வந்தால் ஆளையல்லவா தேட வேண்டும்? 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரங்களில் நூற்றுக்கணக்கான படகுகளில் ஓர்காக்கள் மோதியிருக்கின்றன. சில மூழ்கியும் போயின. 2023 மே மாதம் ஸ்பெயினின் பார்பாத்தே ஊர் அருகே ஒன்று, மறு ஆண்டு மே மாதம் நீரிணையில் இன்னொன்று. ஒருவர்கூடக் கடிபடவில்லை. கடலில் திரியும் ஓர்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவே கிடையாது. கொன்றவையெல்லாம் தொட்டியில் அடைத்து வளர்க்கப்பட்டவை. படகால் காயம்பட்ட தாய் ஓர்கா ஒன்று மற்றவற்றைத் தூண்டிவிட்டது என்பது வெறும் ஊகம். செய்திகள்தான் அதைக் கதையாக்கின.

கரையேற்றிய படகின் சுக்கானை, அதாவது படகைத் திருப்பும் பலகையைப் பாருங்கள். கண்ணாடியிழைத் தோல் கிழிந்து உள்ளிருக்கும் நுரை பிதுங்கும், விளிம்பில் வரிசையாகப் பல் கீறல். பக்கத்திலேயே இருக்கும் அடிப்பாகம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தள்ளினால் அசைகிற, படகையே திருப்புகிற பலகை அவற்றுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. ஈடுபடுவதில் பல இளசுகள். விளையாட்டு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முன்பும் இப்படி ஒரு விளையாட்டு வந்து போனது: 1987இல் அமெரிக்க வடமேற்குக் கரையில் செத்த சால்மன் மீனைத் தலையில் சுமந்து திரியும் பழக்கம் ஓர்காக்களிடையே பரவி, அப்புறம் தானே ஓய்ந்தது.

விளையாட்டு என்பதால் ஆபத்து இல்லை என்றில்லை. சுக்கான் தண்டு படகுக்குள் நுழையுமிடம் பிளந்தால் தண்ணீர் ஏறும். ஆள் உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

சூரை மீனைத் துரத்தி அவை வரும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஸ்பெயினின் தென்மேற்கிலுள்ள காடிஸ் வளைகுடாவிலும் நீரிணையிலும் முடிந்தவரை கரையை ஒட்டிப் போங்கள். வந்துவிட்டால் நிற்காதீர்கள், ஆழம் குறைந்த பக்கம் ஓட்டுங்கள். படம் எடுக்க விளிம்புக்குப் போகாதீர்கள். சுக்கானைத் திருப்பும் சக்கரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், மணிக்கட்டு முறியும். படகு வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

பட்டாசு வேண்டவே வேண்டாம். இந்தக் கூட்டத்தில் ஐம்பதுகூட மிச்சமில்லை, காதை நம்பி வாழும் பிராணி. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பட்டாசுக்குச் செலவிடும் நேரத்தில், கிளம்பும் முன்பே, பின்புற அறையைத் திறந்து, சுக்கான் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு, மிதவை எல்லாவற்றையும் அகற்றுங்கள். தண்ணீர் ஏறும்போது ஓட்டையை அடைக்கக் கை உள்ளே போக வேண்டும்.